உங்களுக்குத் தெரியுமா? மேலவைக்கும் வத்தல்மலைக்கும் என்ன சம்பந்தம்?

தருமபுரி டவுனிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஏறிப் போனால் காபி, மிளகு, சாமை, ராகி, பலா. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, நாயக்கனூர் என்று மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். அரசுப் பேருந்து இங்கே ஏறியது இந்தச் சில ஆண்டுகளுக்குள்தான். டெல்லியில் சிவப்புக் கம்பளம் விரித்த மாநிலங்களவைக்கும் இந்த மலைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்கிறவர்களுக்காகவே இந்த வாரத் துணுக்குகள். அவையில் தோற்றுப்போன பேச்சு பத்து இருபது வருடம் கழித்து ஜெயித்த கதைகள் இதில் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

● வத்தல்மலைக்காரர் ஒருவர் மாநிலங்களவை உறுப்பினருக்கு நேரடியாக ஓட்டுப் போட முடியாது. அவர் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறார்; எம்.எல்.ஏ. மேலவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஒரே நேரத்தில் 6 இடங்கள் காலியாகும்போது, 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால் ஒருவர் ஜெயிக்க 34 ஓட்டு வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் இருப்பதோ தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என ஐந்தே தொகுதிகள். மாவட்டமே கட்சி மறந்து ஒன்று சேர்ந்தாலும் ஒரு எம்.பி.யில் ஏழில் ஒரு பங்கைத்தான் அனுப்ப முடியும்!

● மக்களவையிலும் சட்டமன்றத்திலும் பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் தனித்தொகுதிகள் உண்டு. மாநிலங்களவையில் அப்படி ஒரு இடம்கூடக் கிடையாது. வத்தல்மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர்தான் (பெயரைப் பார்த்துக் கேரளத்துக்குப் போய்விட வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்) தமிழ்நாட்டின் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரியவர்கள். 2011 கணக்கெடுப்பில் 3,57,980 பேர். மாநிலத்தின் மொத்தப் பழங்குடியினர் 7,94,697. ஆக, நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இவர்களே. இருந்தும் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டுதான். மக்களவைத் தொகுதி ஒன்றும் இல்லை. மேலவையில் கேட்கவே வேண்டாம்.

● யார் பழங்குடி என்று முடிவு செய்வது யார்? தாசில்தாரா, கலெக்டரா, முதலமைச்சரா? மூவருமே இல்லை. அரசமைப்பின் 342-ஆவது பிரிவுப்படி, குடியரசுத் தலைவர் ஒருமுறை வெளியிட்ட பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். சட்டம் என்றால் மக்களவை மட்டும் போதாது, மேலவையும் சம்மதிக்க வேண்டும்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களின் பெயர்களும் இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1976-இல் நாடாளுமன்றம் இந்தப் பட்டியலைத் திருத்தியபோது தமிழ்நாட்டு வரைபடம் எப்படி இருந்ததோ அதுவே சட்டத்தில் உறைந்துவிட்டது. வட ஆற்காடும் தென் ஆற்காடும் பெயர்ப்பலகையிலிருந்து போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தருமபுரி மாவட்டம் 1965-லேயே சேலத்திலிருந்து பிரிந்துவிட்டதால் வத்தல்மலைக்குச் சிக்கல் இல்லை. ஈரோட்டுக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1976-இல் அந்தப் பகுதி கோவை மாவட்டத்தில் இருந்தது. பட்டியலில் கோவை இல்லை. 1979-இல் ஈரோடு தனி மாவட்டமானபோதும் பட்டியல் அப்படியேதான் இருந்தது. அதனால் கடம்பூர், பர்கூர் மலைகளில் வாழும் மலையாளிகள் அதே பெயர், அதே வழக்கம், அதே உறவுமுறை இருந்தும் எஸ்.டி. சான்றிதழுக்காகப் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில், அக்கா பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கும், தம்பி பிள்ளைக்குக் கிடைக்காது என்ற நிலை வரலாம். இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் கோட்டை இல்லை, டெல்லிதான். எனக்கு இது சட்ட நுணுக்கமாகப் படவில்லை, அலட்சியமாகவே படுகிறது.

● பட்டியலில் சேர்ப்பது நடக்காத காரியமும் இல்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் மக்களவையைத் தாண்டி, அதே மாதம் 22-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. கோரிக்கை பல பத்தாண்டுப் பழசு. இரு அவைகளும் அதை முடிக்க எடுத்துக்கொண்டது ஒரே வாரம்.

● வன உரிமைச் சட்டத்தை மக்களவை நிறைவேற்றியது 2006 டிசம்பர் 15. மாநிலங்களவை நிறைவேற்றியது டிசம்பர் 18. மூன்றே நாள் இடைவெளி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வருடம் நடந்ததுதான் சுவாரசியம். 2005 டிசம்பரில் அரசு கொண்டுவந்த மசோதாவில், 1980-க்கு முன்பே காட்டு நிலத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் உரிமை, அதுவும் குடும்பத்துக்கு இரண்டரை ஹெக்டேர் என்று இருந்தது. இரு அவை உறுப்பினர்களும் உட்கார்ந்த கூட்டுக்குழு அதைப் பிரித்து மேய்ந்தது. முடிவில் வந்த சட்டத்தில் கெடு நாள் 2005 டிசம்பர் 13 ஆனது. நில வரம்பு நான்கு ஹெக்டேர் ஆனது. இருபத்தைந்து வருடம் முன்னும் பின்னும் நகர்வது டெல்லியில் ஒரு வரி; மலையில் ஒரு தலைமுறையின் நிலம்.

இன்னொன்று, திருமணமானவர்களுக்கு இந்த உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சமவெளியில் எத்தனை பட்டாவில் மனைவி பெயர் இருக்கிறது என்று உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் வந்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணங்கள் வழங்குவது முடங்கியது. முடிச்சு அவிழ்ந்தது 2016-இல், உச்ச நீதிமன்றத்தில்.

● தருமபுரி மாவட்டத்தின் இன்னொரு மலையடிவார ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அங்கே நுழைந்து செய்த கொடுமைகள் வெளியே வந்ததற்குப் பின்னால் ஒருவர் பெயர் இருக்கிறது: மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன். மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தவர். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது, 1995-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவானது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் உயிரோடு இல்லை. எஞ்சிய 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 1997-இல் காலமான நல்லசிவனும் அதைக் கேட்க இல்லை. 2023 செப்டம்பர் 29-இல், சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதியில், உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

● வத்தல்மலைக் காபிக்கும் மேலவைக்கும் நேரடி உறவே உண்டு. காபி வாரியத்தில் மூன்று எம்.பி.க்கள் உறுப்பினர்கள்: இரண்டு பேர் மக்களவையிலிருந்து, ஒருவர் மாநிலங்களவையிலிருந்து. மிளகுக்கும் ஏலத்துக்கும் இருக்கும் நறுமணப் பொருள்கள் வாரியத்திலும் அதே கணக்கு. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க மேலவையில் முறையாகத் தீர்மானமே கொண்டுவருவார்கள். டிவியில் அந்த இடம் வந்தால் நாமெல்லாம் சேனல் மாற்றிவிடுவோம்.

● தொகுதி மேம்பாட்டு நிதி தெரியும். தொகுதியே இல்லாத மாநிலங்களவை எம்.பி. அதை எங்கே செலவு செய்வார்? தேர்ந்தெடுத்து அனுப்பிய மாநிலத்தின் எந்த மாவட்டத்தில் வேண்டுமானாலும்! நியமன உறுப்பினர் என்றால் நாட்டின் எந்த மூலையிலும். 1993 டிசம்பரில் ஐந்து லட்சத்தில் தொடங்கிய இந்தத் திட்டம் 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போடுங்கள்: ஓர் எம்.பி.க்கு 37.5 லட்சம், தமிழ்நாட்டின் 18 மேலவை எம்.பி.க்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 6.75 கோடி. கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி, வத்தல்மலை எல்லாம் வரிசையில் நிற்கலாம். இந்த வழியை அறிந்து மனு எழுதுகிற ஊராட்சிகள் குறைவு என்பது என் சந்தேகம்.

● அண்ணா மாநிலங்களவையில் முதன்முதலாகப் பேசிய நாள் 1962 மே 1. குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம். புதுமுக எம்.பி. எழுந்தார், திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார். அவை அதிர்ந்தது. அதே 1962-இல் பல்ராம்பூரில் மக்களவைத் தேர்தலில் தோற்று, மாநிலங்களவைக்கு வந்து சேர்ந்த இன்னொரு பேச்சாளரும் அங்கே இருந்தார்: அடல் பிகாரி வாஜ்பாய். ஒரே அவையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு நாவலர்கள். அந்த ஐந்தாண்டுப் பார்வையாளர் மாடத்தை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

● சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரும் தனிநபர் மசோதாவை மாநிலங்களவைக்குக் கொண்டுவந்தவர் தமிழரே இல்லை. வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. 1963 விவாதத்தில் அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றி என்ன லாபம் என்ற கேள்வி வந்தது. குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும், இந்த அவையை ராஜ்ய சபா என்றும் மாற்றி நீங்கள் என்ன லாபம் கண்டீர்கள் என்ற பொருளில் திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. 1967 ஜூலை 18-இல் அதே அண்ணா, முதலமைச்சராகச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1969 ஜனவரி 14, பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மூன்று வாரத்தில் அண்ணா மறைந்தார்.

● இன்று எந்தக் கட்சி எம்.பி. பதவியேற்றாலும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதி சொல்ல வேண்டும். அந்த வாசகம் ஆரம்பத்தில் இல்லை. 1963-இல் வந்த 16-ஆவது அரசமைப்புத் திருத்தம் சேர்த்தது. அதற்கு முக்கியக் காரணம் தி.மு.க.வின் பிரிவினைக் கோரிக்கை. அந்தத் திருத்தத்தின் மீது மாநிலங்களவையில் அண்ணாவே எதிர்த்துப் பேசினார். பிறகு கட்சி கோரிக்கையைக் கைவிட்டது.

● கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காகத்தான் பலருக்குத் தெரியும். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், அங்கே பரதநாட்டியம் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அவர் கொண்டுவந்தது விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் தனிநபர் மசோதா. பிரதமர் நேருவே விவாதத்தில் எழுந்தார். நோக்கம் நல்லது, அரசே விரிவான சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். திரும்பப் பெற்றார். இப்படி வாக்குறுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் ஏராளம். பெரும்பாலானவை திரும்பி வந்ததே இல்லை. இது வந்தது. 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

கதை இங்கே முடியவில்லை. ஐம்பது வருடம் கழித்து அந்தச் சட்டம் நம் வாடிவாசலுக்கே வந்து நின்றது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது இதே 1960 சட்டத்தைத்தான். 2017 ஜனவரியில் மெரினா நிரம்பி வழிந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் இந்தச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. அதில் மஞ்சுவிரட்டு, வடமாடு இவற்றோடு, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து எருது விடும் விழாவும் பெயர் சொல்லிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நாட்டியக் கலைஞர் ஒருவரின் கைவிடப்பட்ட மசோதாவிலிருந்து எருது விடும் விழா வரைக்கும் ஒரே நூல்! மாட்டை அவிழ்த்துவிடுகிற இளவட்டங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

● எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது ஒரே ஒரு பேச்சால் நினைவில் நிற்கிறார். 1980-களின் கடைசியில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, குழந்தைகளின் புத்தகப்பை எடை. அவையில் சிலர் சிரித்திருக்கலாம். 1992-இல் மத்திய அரசு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு அமைத்தது. 1993-இல் அறிக்கை வந்தது, சுமையில்லாக் கல்வி பற்றி. அதன் முன்னுரையாகக் கல்வியாளர்கள் இன்றும் நாராயணின் பேச்சைத்தான் சொல்வார்கள். பை கனமா லேசா என்பது பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு ஒரு கணக்கு. பேருந்து வராத காலத்தில் மலையிறங்கிப் படித்த பிள்ளைக்கு வேறு கணக்கு.

● 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா, திருநர் உரிமைகளுக்காக. அரசுத் தரப்பு வழக்கம்போலத் திரும்பப் பெறச் சொன்னது. அவர் அசையவில்லை. குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது! தனிநபர் மசோதா ஒன்று சட்டமாகி அப்போது 45 வருடம் ஆகியிருந்தது. 1952 முதல் இன்றுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாகச் சட்டமானது 1970-இல். சிவாவின் மசோதா பதினைந்தாவது ஆகவில்லை. மக்களவையில் அது கரை சேரவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டம் மேலவைக்கு வந்த நாளிலும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிச் சிவா போராடித் தோற்றார். திருநர் அமைப்புகள் பல அரசின் சட்டத்தைக் குறை சொல்கின்றன. வரைவு எழுதியவரையே ஓரம் கட்டிவிட்டுச் சட்டம் எழுதினால் இப்படித்தான்.

தனிநபர் மசோதாவுக்கு ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம், அதுவும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஊருக்கு விமானம் பிடிக்க எம்.பி.க்கள் கிளம்புகிற வேளை.

● எம்.எஸ். சுவாமிநாதன் 2007 முதல் 2013 வரை நியமன உறுப்பினர். பெண் விவசாயிகளுக்கு நிலத்திலும் நீரிலும் கடனிலும் உரிமை கேட்டு மசோதா கொடுத்தார். 2012-இல் அறிமுகம். 2013-இல் அவர் ஓய்வு பெற்றார், மசோதாவும் காலாவதியானது. உறுப்பினர் போனால் அவருடைய மசோதாவும் போய்விடும். களை எடுப்பதும் சாமை அறுப்பதும் காபிப் பழம் பறிப்பதும் பெண்களாக இருக்கும் ஊரில் ‘விவசாயி’ என்று பதிவேட்டில் இருப்பது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

● பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதாவை மாநிலங்களவை இரண்டு முறை நிறைவேற்றியிருக்கிறது. 2010 மார்ச் 9-இல் ஆதரவு 186, எதிர்ப்பு 1. மக்களவையில் கிடந்து 2014-இல் காலாவதி. 2023 செப்டம்பர் 21-இல் ஆதரவு 214, எதிர்ப்பு பூஜ்யம். இரண்டு முறையும் பெருந்தன்மையாக ஓட்டுப்போட்ட அவைக்கு அந்த ஒதுக்கீடு பொருந்தாது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டும்தான்!

● பூஜ்ய நேரத்தில் ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் மைக் அணைந்துவிடும். சிறப்புக் குறிப்பு என்று எழுதி வாசிப்பதற்கு 250 சொல் வரம்பு. வன உரிமை பற்றிய நம் துணுக்கே அதில் பாதியைத் தின்றுவிடும். கேள்வி கேட்க 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 15 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 160. என் அனுபவத்தில் தங்கம் கிடைப்பது அந்த 160-இல்தான். டிவியில் வராது, கூச்சல் இருக்காது. மாவட்டவாரியாக எண்கள் இருக்கும்.

● தமிழில் பேசலாமா? தாராளமாக. முன்கூட்டியே சொல்லிவைத்தால் உடனுக்குடன் மொழிபெயர்ப்பார்கள். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் அந்த வசதி 2018 ஜூலையில் வந்தது. 2025 ஜூலையில் கமல்ஹாசன் தமிழில் உறுதிமொழி எடுத்தது எல்லோரும் பார்த்த காட்சி. அன்று பதவியேற்றவர்களில் கவிஞர் சல்மாவும் உண்டு.

● மேலவைத் தலைவர் நாற்காலியில் தமிழ் மண்ணில் பிறந்தவர்கள்: திருத்தணிக்காரர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் (1952 முதல் 1962), தஞ்சை ராஜாமடம் ஆர். வெங்கட்ராமன் (1984 முதல் 1987), 2025 செப்டம்பரிலிருந்து திருப்பூர் சி.பி. ராதாகிருஷ்ணன்.

● அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தது மாநிலங்களவை உறுப்பினராகத்தான். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது அவர் காலத்தில். தருமபுரி மக்களிடம் நேரடியாக ஓட்டு வாங்கி மக்களவைக்குப் போனது அதன் பிறகு, 2014-இல்.

● தமிழ்நாட்டுக்கும் ஒரு மேலவை இருந்தது. கடைசித் தலைவர் ம.பொ.சி. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி 1952-இல் முதலமைச்சரானதும், 1967-இல் டெல்லிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அண்ணா கோட்டைக்குத் திரும்பியதும் அந்தப் பக்க வாசல் வழியாகத்தான். எம்.ஜி.ஆர். 1962-இல் முதலில் உட்கார்ந்த மன்றமும் அதுவே. நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவின் நியமனத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்குப் பின், அதே எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986 நவம்பர் 1-இல் மேலவை மூடப்பட்டது. 2010-இல் தி.மு.க. ஆட்சி மறுபடி திறக்கத் தீர்மானம் போட்டது. நாடாளுமன்றமும் 78 இடங்களோடு சட்டம் இயற்றிக் கொடுத்தது. 2011-இல் ஆட்சி மாறியது, கதவு திறக்கவே இல்லை. திறந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்திருப்பார்கள். மலைக் கிராமங்களுக்கு அதுவொரு ஏணியாக இருந்திருக்கும் என்பார்கள் சிலர். தோற்ற தலைவர்களுக்கு ஓய்வறையாக ஆகியிருக்கும் என்பார்கள் சிலர். நான் இரண்டாம் கட்சி.

● இலங்கையிலும் செனட் என்று ஒரு மேலவை 1947 முதல் 1971 வரை இருந்தது. மொத்தம் 30 பேர். வழக்கறிஞர் எஸ். நடேசன் அங்கே மனித உரிமைக் குரலாகப் பல ஆண்டுகள் இருந்தார். எம். திருச்செல்வம் கீழவைக்குப் போகாமலே, செனட்டராக இருந்து 1965-இல் உள்ளாட்சி அமைச்சரானார். மலேசியாவின் மேலவையான டேவான் நெகாராவில் 2016 முதல் 2020 வரை தலைவர் நாற்காலியில் இருந்தவர் எஸ்.ஏ. விக்னேஸ்வரன், தமிழர்.

● 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வத்தல்மலைக்கு ஏறி வந்து மக்களிடம் மனு வாங்கினார். கோட்டைக்கு மனு போகும் வழி இப்படி எல்லோருக்கும் தெரியும். மாநிலங்களவைக்கே மனு கொடுக்கலாம் என்பது தெரியுமா? அதற்கென்று மனுக்கள் குழு ஒன்று அங்கே இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினரின் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கையை எடுத்துக்கொண்டு 2011-இல் சாதகமாக அறிக்கை கொடுத்தது இந்தக் குழுதான். தமிழில் எழுதலாம், இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே வைத்து அதிலும் கையெழுத்திட வேண்டும். மனுதாரரின் முழுப்பெயரும் முகவரியும் அவசியம். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம், விதியே அனுமதிக்கிறது.